வீட்டுக் கொட்டகையில் ஒரு விமானம்

(கல்வி உதவிநிதி வழங்கும் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு ஒதுக்கப்பட்ட நேரம் 20 நிமிடம். ஆசிரியர் தொழிலில் இருந்தவன் கையில் ஒலிவாங்கியைக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்பது செயலாளருக்குத் தெரியும். அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியதும் நிறுத்திக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், வீட்டிலேயே சொந்தக் கையால் சிறு விமானம் கட்டுவது. கோயில் மண்டபத்தில் இதை ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. இந்த மண்டபத்தின் பின்புறம் பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கும் ஓர் அறை உண்டு. அதைக் காலி செய்து என்ன செய்வது என்பது செயலவையில் மூன்று கூட்டங்களாக இழுபடுகிறது. இன்னொரு துணைப்பாட வகுப்பு நடத்தலாம் என்பது ஒரு கருத்து. பிள்ளைகள் கையால் வேலை செய்து பழக ஒரு பணிக்கூடம் வேண்டும் என்பது என் கருத்து. நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நீங்கள் எச்சரிக்கையாகக் கேட்டுக்கொள்ளலாம்.

தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது ஃபேரர் பார்க். பக்கத்துச் சாலைக்கு ரேஸ்கோர்ஸ் சாலை என்று பெயர். அங்கே 1933ஆம் ஆண்டுவரை குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. பிறகுதான் அது புக்கிட் தீமாவுக்குப் போனது. அந்தத் திடலில்தான் 1911ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜோசப் கிறிஸ்டியன்ஸ் என்ற பெல்ஜியக்காரர் சிங்கப்பூர் மக்களுக்கு முதன்முதலாக ஒரு விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டினார். 'பிரிஸ்டல் பாக்ஸ்கைட்' என்ற வகை அது. மரச்சட்டம், துணி, கம்பி, ஒரு சிறிய எஞ்சின், அவ்வளவுதான். பெயரே 'பெட்டிப் பட்டம்'. பறந்து வரவில்லை, கப்பலில் வந்து இறங்கியது. இந்தத் தீவின் வானில் முதலில் ஏறிய விமானம், சாதாரணத் தச்சன் பார்த்தால் புரிந்துகொள்ளக்கூடிய பொருளாகத்தான் இருந்தது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

விமானம் கட்டுவது பெரிய தொழிற்சாலைகளின் வேலை என்று நாம் பிற்பாடு நினைத்துக்கொண்டோம். ஆரம்பத்தில் அது சைக்கிள் கடைக்காரர்களின் வேலை. ரைட் சகோதரர்கள் அமெரிக்காவில் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். அவர்களுக்கு வேண்டிய எடையில் எஞ்சின் செய்து தர எந்த நிறுவனமும் முன்வராதபோது, கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் என்ற மெக்கானிக் ஆறே வாரத்தில் அதைச் செய்து முடித்தார். 1903 டிசம்பர் 17ஆம் தேதி அது 12 விநாடி பறந்தது. ரைட் சகோதரர்களின் பெயர் எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. டெய்லரின் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

நம்மவர் கதைக்கு வருகிறேன். சென்னை மௌண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த டி ஏஞ்சலிஸ் என்ற ஐரோப்பியருக்குத் தாமே ஒரு விமானம் செய்து பறக்க வேண்டும் என்று ஆசை வந்தது. அதே மௌண்ட் ரோட்டில் குதிரை வண்டிகள் கட்டிக்கொண்டிருந்த சிம்சன் கம்பெனியில் கொடுத்துச் செய்வித்தார். 1903ஆம் ஆண்டிலேயே நீராவிக் கார் செய்தவர்கள் அவர்கள். பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, 1910ஆம் ஆண்டு தீவுத்திடலில் மக்கள் முன்னால் காட்டினார். ஃபேரர் பார்க்கில் பாக்ஸ்கைட் ஏறுவதற்கு ஓராண்டு முன்னதாகவே சென்னையில் வண்டிப் பட்டறைத் தொழிலாளர்கள் விமானத்துக்குச் சட்டம் இழைத்திருக்கிறார்கள். அந்தத் தச்சர்களின் பெயர்களை யாராவது எழுதி வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்மைக் காலத்தில் பலரும் செய்தித்தாளில் படித்திருக்கக்கூடியவர் அசோக் தாமராட்சன். கேரளத்தின் ஆலப்புழையைச் சேர்ந்தவர், இங்கிலாந்தில் வாழும் இயந்திரப் பொறியாளர். விமானம் ஓட்டும் உரிமம் பெற்ற பிறகு, வாடகைக்கு விமானம் எடுத்து ஓட்டிப் பார்த்தார். எளிதாகக் கிடைத்தவை இரண்டு இருக்கை விமானங்கள். மனைவி, இரண்டு மகள்கள் என்று குடும்பம் நான்கு பேர். நான்கு இருக்கை உள்ளவை கிடைப்பது அரிது. கிடைத்தாலும் மிகப் பழையவை. கொவிட் முடக்கம் வந்தது. எசெக்ஸ் வட்டாரத்தில் தம் வீட்டுத் தோட்டத்தில் ஒரு கொட்டகை போட்டார். தென்னாப்பிரிக்காவின் 'ஸ்லிங்' நிறுவனத்திலிருந்து விமானத்தின் பாகங்களைப் பெட்டி பெட்டியாக வரவழைத்து, அலுவலக வேலை போக மிஞ்சிய நேரத்தில் கட்டத் தொடங்கினார். 2022ஆம் ஆண்டு அது பறந்தது. இளைய மகள் பெயரால் 'ஜி-தியா' என்று அழைத்தார். குடும்பத்தோடு ஐரோப்பிய நாடுகளுக்கே பறந்து போய்வந்தார். செலவு ஏறக்குறைய 1,40,000 பவுண்டு என்று செய்திகள் சொல்லின.

அந்தத் தொகையைக் கேட்டவுடன் "சரி, பணக்கார விளையாட்டு" என்று சொல்லத் தோன்றும். பணம் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் பணம் கொடுத்தால் வருவது தகடும் குழாயும் கம்பியும்தான். அவற்றை விமானமாக ஆக்குவது நூற்றுக்கணக்கான மணி நேரக் கைவேலை. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

விமானத்தின் தோல் மெல்லிய அலுமினியத் தகடு. உள்ளே விலா எலும்புபோல வளைவுச் சட்டங்கள். தகட்டைச் சட்டத்தின்மேல் வைத்து, துளைகளை ஒன்றோடொன்று பொருத்தி, முதலில் தற்காலிகப் பிடிப்பான்களால் நிறுத்துவார்கள். எல்லாம் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, துளையைச் சரியான அளவுக்குக் குடைவார்கள். பிறகு மறுபடியும் கழற்ற வேண்டும்! ஏனென்றால் குடைந்த துளையின் ஓரத்தில் மயிரிழைபோலப் பிசிறு நிற்கும். அதைச் சுரண்டி எடுக்காமல் ரிவெட்டு அடித்தால், பல நூறு மணி நேரம் அதிர்ந்த பிறகு அந்தப் பிசிறிலிருந்து ஒரு வெடிப்பு கிளம்பும். ஆகவே கழற்று, சுரண்டு, துடை, மறுபடி பொருத்து, ரிவெட்டு அடி. ஓர் இறக்கைக்கு இப்படி ஆயிரக்கணக்கான துளைகள். மரையை முறுக்குவதற்கும் அளவு உண்டு. அளவு காட்டும் ஸ்பேனரால் முறுக்கி முடித்ததும் மரையின்மேல் ஒரு வண்ணக்கோடு போடுவார்கள். பின்னால் கோடு விலகியிருந்தால் மரை தளர்ந்துவிட்டது என்று பொருள். கோடு இல்லையென்றால் அதை யாரோ முறுக்க மறந்துவிட்டார்கள் என்று பொருள்.

இவ்வளவையும் செய்பவரே சரிபார்த்துக்கொண்டால் போதாது. இங்கிலாந்தில் இலகு விமானச் சங்கம் நியமிக்கும் மேற்பார்வையாளர் குறிப்பிட்ட கட்டங்களில் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இறக்கையை மூடிவிட்டால் உள்ளே தெரியாது. ஆகவே மூடுவதற்கு முன்னால் வர வேண்டும். அமெரிக்காவில் பாதிக்கு மேற்பட்ட வேலையைச் சொந்தக்காரர் கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ தாமே செய்திருக்க வேண்டும் என்பது விதி. அதை 51 விழுக்காட்டு விதி என்பார்கள். இப்படிக் கட்டுபவர்களுக்காக 1953இல் மில்வாக்கி நகரில் பால் போபெரெஸ்னி என்பவர் தொடங்கிய சங்கம், இன்று உலகிலேயே பெரிய விமான ஆர்வலர் அமைப்புகளுள் ஒன்று.

என் தந்தையார் சிலேத்தார் விமானத் தளத்தில் பிரிட்டிஷ் விமானப் படையின் பணிமனை ஒன்றில் கருவிக் கிடங்கு ஆளாக வேலை பார்த்தவர். பிரிட்டிஷார் அங்கிருந்து போகும்வரை அதுதான் அவர் வேலை. அங்கே சுவரில் ஒரு பெரிய பலகை. ஒவ்வொரு ஸ்பேனரின் வடிவமும் அதன் இடத்தில் வண்ணத்தில் வரையப்பட்டிருக்கும். மாலையில் கருவிகள் திரும்ப வந்து மாட்டப்படும்போது, ஓர் இடம் வெறுமையாக இருந்தால், அந்தக் கருவி அகப்படும்வரை அந்த விமானம் வெளியே போகாது. விமானத்துக்குள் மறந்துவிட்ட ஒரு ஸ்பேனர் உள்ளே உருண்டுபோய்க் கட்டுப்பாட்டுக் கம்பியில் சிக்கினால் ஓட்டுநரின் உயிர் போய்விடும். அப்பா ஆறாம் வகுப்புக்குமேல் படிக்கவில்லை. ஆனால் ஓர் அதிகாரியின் அவசரத்துக்காக அவர் ஒருநாளும் எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னதில்லை. "வெறும் இடம் இருக்கு சார்" என்று மட்டும் சொல்வாராம்.

ஆபத்தைச் சொல்லாமல் ஆசையை மட்டும் சொல்வது முறையாகாது. 1930களில் ஆன்ரி மின்யே என்ற பிரெஞ்சுக்காரர் 'வானத்துத் தெள்ளுப்பூச்சி' என்று பெயரிட்டு ஒரு குட்டி விமானத்தை வடிவமைத்தார். யாரும் வீட்டில் கட்டலாம் என்று 1934இல் புத்தகமும் எழுதினார். பிரான்சிலும் இங்கிலாந்திலும் நூற்றுக்கணக்கானோர் கொட்டகைகளில் கட்டத் தொடங்கினார்கள். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக விபத்துகள், உயிர்கள் போயின. 1936இல் இரு நாட்டு ஆய்வுக்கூடங்களும் முழு விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தன. குறை தெரிந்தது. முன்னிறக்கையும் பின்னிறக்கையும் மிக நெருக்கமாக இருந்ததால், மூக்கு ஓர் அளவுக்குமேல் கவிழ்ந்துவிட்டால் இரண்டுக்கும் இடையே பாயும் காற்று பின்னிறக்கையை மேலும் தூக்கிவிடும். ஓட்டுநர் நிமிர்த்துவதற்காகக் கைப்பிடியை இழுக்க இழுக்க நிலைமை மோசமாகும். கட்டியவர்கள் ஆணியைச் சரியாகத்தான் அடித்திருந்தார்கள். கணக்குத்தான் தவறு. கை மட்டும் போதாது, கணக்கும் வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். துணைப்பாட வகுப்பு கேட்கும் நண்பர்கள் இந்த இடத்தில் கைதட்டலாம்.

கணக்கு என்றதும் மறுபடியும் ஃபேரர் பார்க்குக்குப் போக வேண்டும். 1919 டிசம்பர் 4ஆம் தேதி, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்துகொண்டிருந்த ராஸ் ஸ்மித் என்பவர் 'விக்கர்ஸ் விமி' என்ற இரட்டை எஞ்சின் விமானத்தை அதே பந்தயத் திடலில் இறக்கினார். திடல் சிறியது, விமானம் பெரியது. ஓடி நிற்க இடம் போதாது. என்ன செய்தார்கள் தெரியுமா? தரையிறங்கும் வேளையில் பென்னெட் என்ற மெக்கானிக் இருக்கையிலிருந்து எழுந்து, விமானத்தின் முதுகின்மேல் சறுக்கிக்கொண்டே வாலுக்குப் போய் உட்கார்ந்தார்! அவருடைய எடையால் வால் சட்டென்று தரையில் அழுந்தியது. விமானம் சிறிது தூரத்திலேயே நின்றது. ஆறு நாள் கழித்து அவர்கள் டார்வின் போய்ச் சேர்ந்தார்கள்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்களே, நீங்கள் இயற்பியலில் படிக்கும் திருப்புதிறன் என்பது இதுதான்: எடை பெருக்கல் தூரம். வீட்டில் விமானம் கட்டுபவரும் கடைசியில் இதே கணக்கைத்தான் போடுகிறார். மூன்று சக்கரங்களையும் மூன்று எடைக் கருவிகளின்மேல் நிறுத்தி, ஒவ்வொன்றின் எடையையும் தூரத்தால் பெருக்கி, விமானத்தின் எடை எந்தப் புள்ளியில் விழுகிறது என்று பார்க்கிறார். அந்தப் புள்ளி பின்னால் தள்ளிப்போனால் மூக்கு தூக்கும்; வேகம் குறையும்; இறக்கை காற்றின் பிடியை இழக்கும். பிறகு நிமிர்த்த முடியாமலே போகலாம். நான் 34 ஆண்டு இந்தப் பாடத்தைச் சீசாப் பலகை படம் போட்டு நடத்தினேன். ஒரு பால்சா மரத் துண்டின் மூக்கில் களிமண் உருட்டி ஒட்டிப் பறக்கவிட்டுக் காட்டிய வகுப்புகளில் மட்டுந்தான் கடைசி வரிசைப் பையனும் விடை சொன்னான்.

கடைசி வரிசை என்றதும் இன்னும் இருவரைச் சொல்லத் தோன்றுகிறது. இடுக்கி மாவட்டத்து சஜி தாமஸ் செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாதவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். சிறுவயதில் ரப்பர் தோட்டத்துக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைப் பார்த்ததுதான் அவருடைய பல்கலைக்கழகம். பல ஆண்டுகள் உழைத்து ஓர் இலகு விமானம் செய்தார். தமிழ்நாட்டில் மணிமுத்தாறு பக்கம் ஓய்வுபெற்ற விமானப் படை அதிகாரி ஒருவரின் உதவியோடு அது பறந்தது. மற்றவர் மும்பையின் அமோல் யாதவ், விமானமோட்டி. கந்திவிலியில் தம் குடும்பம் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டினார். 2016இல் மும்பைக் கண்காட்சியில் வைத்தபோது நாடே பார்த்தது. ஆனால் பதிவுச் சான்றிதழ் கையில் கிடைக்க 2017 நவம்பர் ஆனது. கட்டுவதைக் காட்டிலும் காகிதம் கனம்.

இந்த இடத்தில் யாராவது எழுந்து புஷ்பக விமானத்தைப் பற்றிக் கேட்பார்கள். புஷ்பக விமானம் கவிஞன் கண்ட அழகான கற்பனை. எனக்கு அதில் மிகுந்த ஈடுபாடு உண்டு. ஆனால் பழங்காலத்து விமான நூல் என்று சொல்லப்படும் 'வைமானிக சாஸ்திர'த்தை 1974இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் வரி வரியாகப் பார்த்தார்கள். அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது, அதில் உள்ள வடிவங்கள் பறக்கத் தகுந்தவை அல்ல என்று முடிவு சொன்னார்கள். முன்னோர் பறந்தார்கள் என்று மேடையில் பேசிக்கொண்டு, மகன் ஸ்பேனரைத் தொட்டால் "படிப்பைப் பார்" என்று அதட்டுவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

ஒரு பெற்றோர் சந்திப்பு நாள் நினைவுக்கு வருகிறது. அப்போது இருந்த வழக்கநிலைத் தொழில்நுட்பப் பிரிவில் தம் மகன் போடப்பட்டுவிட்டான் என்று ஒரு தகப்பனார் என் மேசைக்கு முன் உட்கார்ந்து அழுதார். பையன் தலை குனிந்து நின்றான். வகுப்பறை மின்விசிறியைக் கழற்றிச் சரிசெய்யக்கூடியவன் அந்த வகுப்பில் அவன் ஒருவன்தான். பிறகு தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்குப் போனான். விமானப் பராமரிப்பு படித்தான். இன்று சாங்கியில் அவன் கையெழுத்து இல்லாமல் சில விமானங்கள் புறப்படுவதில்லை. போன தீபாவளிக்கு வந்தபோது, "சார், நான் போட்ட கையெழுத்துமேல 300 பேர் உட்கார்ந்து போறாங்க. ராத்திரி எழுந்து, அந்த மூடியை மூடினேனான்னு யோசிச்சிருக்கேன்" என்றான். நான் பதில் சொல்லவில்லை. என் தந்தையாரின் பலகையைத்தான் நினைத்துக்கொண்டேன்.

நம் ஊரில் கொட்டகை ஏது, வீவக வீட்டில் இறக்கையை எங்கே விரிப்பது என்று கேட்பீர்கள். உண்மைதான். மின்தூக்கிக்குள் ஓர் அலமாரியே நுழைய மறுக்கிறது. வானமும் சிறியது, சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா என்று நாலா பக்கமும் ஓடுபாதை. அப்படியிருந்தும் 2015இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்கள் 24 சிறு மின்மோட்டார்களையும் சுழலிகளையும் ஒரு சட்டத்தில் பொருத்தி, நடுவில் ஓர் இருக்கை வைத்து, ஓர் ஆளைத் தூக்கும் பறக்கும் கருவியைச் செய்து காட்டினார்கள். 'ஸ்னோஸ்டார்ம்' என்று பெயர். 70 கிலோ எடையோடு ஏறக்குறைய ஐந்து நிமிடம் பறக்கும். நம் சிலேத்தாரிலேயே 2012 முதல் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் பெரிய விமானங்களுக்கான டிரென்ட் எஞ்சின்களைப் பொருத்தி அனுப்புகிறது. வேலை இங்கே இருக்கிறது. செய்யும் கை நம் வீட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நான் கேட்பது விமானம் கட்ட அல்ல. ஒரு நீளமான மேசை, இரண்டு பிடிப்புக் கருவிகள், அரம், இழைப்புளி, துளைக்கருவி, பால்சா மரம், ரப்பர் வளையம். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி, மாலைப் பூசை மணிக்குள் மேசையைத் துடைத்து வைத்துவிடுவோம். கத்தியும் துளைக்கருவியும் பிள்ளைகள் கையில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் அருகில் நிற்க வேண்டும் என்று பொருளாளர் கேட்டது நியாயம். நானும் ஓய்வுபெற்ற இரண்டு நண்பர்களும் முறைவைத்து நிற்க ஒப்புக்கொண்டிருக்கிறோம். ஒருவர் கப்பல் பட்டறையில் பற்றவைப்பாளராக இருந்தவர். பெண் பிள்ளைகளும் கட்டாயம் வர வேண்டும்.

குறைந்தது 12 பிள்ளைகளின் பெயர்கள் சேர்ந்தால் அடுத்த கூட்டத்தில் இதை வாக்குக்கு விடுவதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார். பெயர்ப் பட்டியல் வாசலில், செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்து மேசைமேல் இருக்கிறது. வரும்போது பார்த்தேன், ஐந்து பெயர்கள் இருந்தன. இனிப்பு வாங்கிக்கொண்டு போகும்போது அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். பேனா கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.